முப்பத்திரண்டாம் வசனம்

பொன்னம்மை பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். போன வாரக் கதையில் அவளைப் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் விட்டுவிட்டு வந்ததற்காகப் பலர் வருத்தப்பட்டிருப்பீர்கள்.

டைபாய்டு இறங்கிவிட்டது. கஞ்சி வயிற்றில் தங்கத் தொடங்கிவிட்டது. குதிரை வண்டியில் மெத்தை விரித்து அவளைப் பாளையத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. முடிதான் கொத்துக் கொத்தாக உதிர்ந்துபோய், சேலை முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அதிகாரமெல்லாம் பழையபடி திரும்பிவிட்டது. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கட்டிலிலிருந்தே சொல்கிறாள்.

அவளுக்கு நினைவில்லாதிருந்த நாட்களில் நடந்த இரண்டு காரியங்கள் மட்டும் அவளுக்குத் தெரியாது என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள்.

ஒன்று, பக்கத்துக் கட்டில் பெண். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கம்பளியைக் கம்பில் தூளி கட்டி, பிள்ளைத்தாய்ச்சியான அவளை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். வந்து சேர்ந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. பொன்னம்மைக்குத் துணையிருந்த மகள் ரத்தினபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க மேல ஒரு நர்ஸம்மா இருந்திருந்தா..." என்றாள். மீதியைச் சொல்ல அவள் இல்லை. கை மட்டும் வெகுநேரம் ரத்தினத்தின் கைக்குள் இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்துவிட்டு அந்த மலைக்கே போகவேண்டும், இது கர்த்தர் தனக்கு விடுத்த அழைப்பு என்று ரத்தினம் நிச்சயம் பண்ணிக்கொண்டது அப்போதுதான்.

மற்றது, ரத்தினத்தின் அப்பா திரவியம் கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனை. டாக்டர்கள் கையை விரித்த அந்த விடியற்காலையில், ஆஸ்பத்திரி வராந்தாவின் சிமெண்டுத் தரையில் அவர் முழங்கால் போட்டார். "ஆண்டவரே, இவளை எழுப்பித் தாரும். ரத்தினத்தை உம்முடைய வேலைக்கு விட்டுவிடுகிறேன்" என்றார். உள்ளே ஜன்னலருகில் நின்ற ரத்தினத்துக்கு அது கேட்டது. தமக்குப் பின்னால் யாரோ வந்து நின்றதைத் திரவியம் கவனிக்கவில்லை.

பொன்னம்மை எழுந்தாள். அவர் பேச்சை மாற்றினார்.

திரவியம் மராமத்து ஆபீஸில் ஹெட் கிளார்க்கு. எதையும் முன்கூட்டிப் பார்த்து வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் வாசிக்கவேண்டிய வேத அதிகாரத்தைக் காலைக் காப்பியின்போதே ஒரு தடவை பார்த்துவிடுவார்.

வருஷப் பிறப்பன்று ஆதியாகமத்தில் தொடங்கி, நாளுக்கு ஓர் அதிகாரம். தாண்டிப் போவது அந்த வீட்டில் கிடையாது. ஆளுக்கொரு வசனமாக வாசிப்பார்கள். இளையவர் தொடங்க, அடுத்தவர் தொடர, வீட்டுத் தலைவர் கடைசியாக வாசிக்க, மறுபடியும் இளையவர் என்று சுற்றி வரும். ஒருவருக்கு விழுந்த வசனத்தை இன்னொருவர் வாசிக்கக் கூடாது. திரவியத்தின் அப்பா காலத்துச் சட்டம் அது.

இன்றைக்கு யாத்திராகமம் எட்டாம் அதிகாரம். எகிப்து தேசமெங்கும் தவளை. படுக்கையில் தவளை, மாப்பிசைகிற தொட்டியில் தவளை. பார்வோன் ராஜா மோசேயைக் கூப்பிட்டு, இதை நீக்கிவிடு, உன் ஜனங்களைப் போகவிடுகிறேன் என்று கெஞ்சுகிறான். தவளைகள் செத்து ஒழிகின்றன. ஆசுவாசம் வந்ததும் பார்வோன் மனத்தைக் கல்லாக்கிக்கொள்கிறான். பதினைந்தாம் வசனம்.

திரவியத்தின் விரல் தானாகவே எண்ணியது. ரத்தினம், பொன்னம்மை, நான். ரத்தினம், பொன்னம்மை, நான். பதினைந்து அவர் பங்கில் வந்து விழுந்தது.

"என்ன, காப்பியில ஈ விழுந்துட்டா? அப்படிப் பாக்குதிய?" என்றாள் பொன்னம்மை கட்டிலிலிருந்து.

"ஒண்ணுமில்ல" என்று வேதப் புத்தகத்தை மூடினார்.

ரத்தினம் புட்டும் பழமும் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அப்பா, நாளைக்குக் காலையில மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஜீப்பு பாளையம் சந்தை முக்குல வந்து நிக்கும். நின்னா ஏத்திட்டுப் போவாங்க. இல்லைன்னா அந்த நர்ஸ் படிப்பு இடம் வேற பிள்ளைக்கு."

"தெரியும்."

"நான் நிக்கவா?"

திரவியம் புட்டை உதிர்த்தார். பழத்தைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

"படிக்கண்டாம்னு நான் சொல்லலியே மக்ளே. டீச்சர் டிரெயினிங் படி. இந்த ஊர்லயே படி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போ, நாலு பேருக்கு ஆரஞ்சு குடு, ஜெபம் பண்ணிட்டு வா. கர்த்தருக்கு அதுவும் ஊழியந்தான். தூரமா மட்டும் போகண்டாம்."

"ஆரஞ்சு போனக்காட்டுக்கு எப்படிப்பா ஏறும்?"

"வாய் பேசாதே!"

பொன்னம்மை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவ கேட்டதுக்குப் பதில் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. பிள்ளைகிட்ட எதுக்குச் சாடுதிய?"

"உனக்கு என்ன தெரியும்? நீ கிடந்த கிடை எனக்குத்தான் தெரியும். ஒருத்தி இப்பத்தான் அந்த நோய்க்குள்ள இருந்து வெளிய வந்திருக்கா. இன்னொருத்தியைக் கையப் பிடிச்சு உள்ள தள்ளவா?"

புட்டை அப்படியே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

கிணறு அடுத்த வீட்டுக்கும் பொது. ரத்தினம் தண்ணீர் இறைக்கப் போனபோது, ஓமனா அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள். தம்பானூரில் டைப் படிக்கிறவள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஓமனா பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம்.

"அச்சன் எந்து பறஞ்ஞு?"

"ஆரஞ்சு குடுக்கச் சொன்னாரு."

"ஆரஞ்சோ?"

ரத்தினம் நடந்ததைச் சொன்னாள். ஓமனா ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

"எடி மண்டூகமே, ஆஸ்பத்திரியில வச்சு உன் அப்பா சத்தியம் செய்ததல்லே? அதை அம்மயோடு ஒரு வாக்கு பறஞ்சா போதுமே. உன் அம்ம அவரைக் கட்டில்ல இருந்தே எறிஞ்சு வீழ்த்தும்."

"சொல்லமாட்டேன்."

"பின்னே?"

"அப்பா அதை என்கிட்டச் சொல்லல ஓமனா. கர்த்தர்கிட்டச் சொன்னாரு. ஒளிஞ்சு நின்னு கேட்டவ நான். நான் அதைப் பிடிச்சுக்கிட்டு சண்டை போட்டா, அப்பா தோத்துப்போவாரே தவிர மனசு மாறமாட்டாரு. கேட்க வேண்டியவரு கேட்கட்டும்."

"உன் கர்த்தாவுக்கு ஜீப்பு வர சமயம் அறியாமா?"

ரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள்.

"ராத்திரி தூக்கமே வரல ஓமனா. அந்த அக்கா கை என் கையிலேயே இருக்க மாதிரி இருக்கு. ஜீப்பு வந்து நின்னு, பாத்து, போயிட்டா நான் என்ன செய்வேன்?"

ஓமனா துணியைக் கல்லிலேயே விட்டாள். உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியில் ரோஜாப்பூ வரைந்திருந்தது, இதழ் பாதி உரிந்து.

"பெட்டி நான் தரும். போனா கொண்டுபோ. போகலைன்னா நாளைக்குத் திருப்பித் தா. பக்ஷே எனக்கு இது திரும்ப வேண்டா, கேட்டோ?"

மத்தியானம் திரவியம் ஆபீஸில் ஒரு காரியம் செய்தார்.

நாகர்கோவில் பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காண்டிராக்டர் பகவதிப்பெருமாளைப் படிக்கட்டில் நிறுத்தினார். அங்கே வடசேரியில் எபநேசர் வாத்தியார் வீடு அவருக்குத் தெரியும். வாத்தியாரின் மகன் காலேஜில் டியூட்டர். ரத்தினத்தைக் கேட்டு அவர்கள் இரண்டு தடவை சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"வாத்தியார்கிட்டச் சொல்லும். நாளைக்குக் காலையிலயே முதல் பஸ்ஸில வந்து பெண்ணைப் பாக்கட்டும். எங்களுக்குச் சம்மதந்தான்."

"அவசரமா இருக்கே?"

"நல்ல காரியத்தில என்ன தாமசம்?"

பகவதிப்பெருமாள் போனதும், திரவியம் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். ஜீப் காரியம் தீர்ந்தது. கர்த்தருக்குத் தெரியாதா, ஆபத்தில் மனிதன் என்னவெல்லாம் சொல்லுவான் என்று? கல்யாணம் பண்ணி வைப்பதும் வேதம் சொல்லுகிற காரியந்தானே?

ஆனால் பதினைந்தாம் வசனம் அப்படியே நின்றது. சாயங்காலம் ரத்தினத்துக்கு நேரே உட்கார்ந்து, பொன்னம்மையின் மூடிய தலையைப் பார்த்துக்கொண்டு, அதைத் தம் வாயால் வாசிக்கவேண்டும்.

அப்போது பக்கத்து மேஜையில் பூதலிங்கம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். வலியசாலைக்காரர், கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவர், நல்ல மனுஷர். திரவியத்துக்கு மின்னலடித்தது போல இருந்தது. நாலாவது ஆள்! வாசிக்க ஓர் ஆள் கூடினால் சுற்று மாறிவிடும். மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ரத்தினம், பொன்னம்மை, பூதலிங்கம், நான். பதினைந்து அப்படியே நழுவிப் பூதலிங்கத்தின் மடியில் போய் விழுந்தது.

"ஓய் பூதலிங்கம், சாயங்காலம் வீட்டுக்கு வாரும். பொன்னம்மை வந்த பிறகு நீரு எட்டிப் பாக்கலியே. அப்படியே எங்க ஜெபத்திலயும் இருந்துட்டுப் போலாம்."

"நானா? நெத்தியில திருநீறு இருக்கே வே. உங்க கர்த்தர் கோவிச்சுக்கிட மாட்டாரா?"

"உம்மை அழிக்கவா சொன்னேன்? எங்களோட நாலு வசனம் வாசியும், போதும்."

"வாசிக்கணுமா? அப்போ கண்ணாடியை எடுத்துட்டு வரணும்." ஊறுகாயை விரலில் தொட்டு வைத்துக்கொண்டார். "பலகாரம் உண்டா?"

"உண்டு, உண்டு."

எந்தக் கோப்பையும் கடைசித் தாள் வரை புரட்டாமல் திரவியம் கையெழுத்துப் போட்டது கிடையாது. அன்று மட்டும் பதினைந்தோடு கணக்கை மூடிவிட்டார்.

விளக்கேற்றிப் பாய் விரித்தாயிற்று. பொன்னம்மைக்கு மட்டும் கட்டில். அவல் நனைத்ததை ஒரு கிண்ணம் முடித்துவிட்டு, பூதலிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ரத்தினம் கொடுத்த வேதப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாட்டுப் பாடியபோது வார்த்தை தெரியாவிட்டாலும் ராகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

ரத்தினம் முதல் வசனத்தை வாசித்தாள். பொன்னம்மை கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டாவதை. பூதலிங்கம் கோர்ட்டுக் கச்சேரியில் சாட்சி சொல்வது போல மூன்றாவதை உரக்க. திரவியம் நாலாவதை.

எட்டாம் வசனம் திரவியத்துக்கு வந்தது. பார்வோன் கெஞ்சுகிற இடம். தவளைகளை நீக்க உங்கள் கர்த்தரிடம் வேண்டிக்கொள்ளுங்கள், நான் ஜனங்களை விட்டுவிடுகிறேன் என்கிறான். இது தமக்கு வரும் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சாதாரணமாக வாசித்துவிட்டார். ரத்தினம் தலை குனிந்து அடுத்ததை வாசித்தாள்.

பதினைந்து பூதலிங்கத்துக்கு வந்தது. கணக்குப் பிசகவில்லை. ஆசுவாசம் வந்ததைக் கண்டதும் பார்வோன் சொன்ன சொல்லை விட்டு, இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டான் என்று பூதலிங்கம் வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அட பாவி! தவளை போனதும் வாக்கும் போச்சா? நம்ம பழைய சூப்பரண்டு மாதிரில்லா இருக்கான் இவன்!"

ரத்தினம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஜெபத்துக்கு நடுவுல பேசக்கூடாது வே" என்றார் திரவியம்.

"இல்ல வே, இவன் உம்மைப் பாத்துப் படிக்கணும். அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நீரு முழங்கால் போட்டு, பொண்டாட்டியை எழுப்பித் தாரும், மகளை உமக்கு விட்டுத் தாறேன்னு கேட்டீரே. நான் காப்பி ஃபிளாஸ்க்கோட பின்னாலதான் நின்னேன். எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. பெட்டி படுக்கை எல்லாம் கட்டியாச்சா? எப்போ போறா பிள்ளை?"

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வடிகிற சத்தம் கேட்டது. அதை இறக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

"நீரு... கேட்டீரா?" என்றார் திரவியம்.

"கேக்காம? எங்க ஆளுகன்னா மனசுக்குள்ள கும்பிடுவோம். நீங்க சத்தமால்லா சொல்லுதிய. வராந்தா பூரா கேட்டுது. தூத்துக்கிட்டிருந்த தோட்டிகூட நின்னுட்டான்." அதற்குள் அவருக்கே ஏதோ தட்டுப்பட்டது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

பொன்னம்மை முந்தானையைத் தலையிலிருந்து விலக்கினாள். உதிர்ந்துபோன தலையோடு கணவனை நேராகப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

ரத்தினம் தலையசைத்தாள்.

"தெரிஞ்சும் வாயத் திறக்கல?"

"நான் சொல்லி அப்பா விடுறதுன்னா வேண்டாம்மா."

பொன்னம்மை குனிந்து வசனத்தில் விரலை வைத்தாள். பிறகு திரவியத்தைப் பார்த்து, "பதினாறு உங்களுக்குத்தானே? வாசிங்க" என்றாள்.

வாசித்தார். பேன்களும் வண்டுகளும் எகிப்தின்மேல் வந்தன. வரிசை சுற்றிச் சுற்றி வந்தது. பூதலிங்கம் இப்போது சத்தம் குறைத்து வாசித்தார்.

இருபத்தெட்டு. வாய் திறந்த திரவியம் நிறுத்தினார். பார்வோன் பேரம் பேசுகிற வசனம் அது. போகவிடுகிறேன், ஆனால் அதிக தூரம் போகவேண்டாம் என்கிறான். காலையில் புட்டைப் பிசைந்துகொண்டு தாம் சொன்ன வார்த்தை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எப்படியோ வாசித்து முடித்தார்.

அப்போதுதான் பக்கத்தின் அடியில் கண் போயிற்று. இன்னும் நாலே வசனம். ரத்தினம், பொன்னம்மை, பூதலிங்கம், கடைசி வசனம்?

ஒரு வண்டுகூட மிச்சமில்லாமல் எல்லாம் நீங்கிப் போயிற்று என்று பூதலிங்கம் வாசித்து, புத்தகத்தை மடியில் இறக்கினார்.

முப்பத்திரண்டு. இந்தத் தடவையும் பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான், ஜனங்களைப் போகவிடவில்லை.

இந்தத் தடவையும் என்ற வார்த்தையில் திரவியத்தின் கண் நின்றுவிட்டது. பதினைந்தை ஓர் ஆளை வைத்துத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்ட அதே ஆள்தான் இதைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருக்கிறார். அவரைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் இந்த வசனம் பொன்னம்மைக்குப் போயிருக்கும்.

"அப்பா, வேணும்னா நான் வாசிக்கேன்" என்றாள் ரத்தினம் மெதுவாக.

கேலியில்லை அதில். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கேட்டாள். எத்தனையோ நாளாக அவரிடம் ஒன்றைக் கேட்டு நின்றவள், அவரைக் காப்பாற்றக் கை நீட்டினாள்.

"வேண்டாம் மக்ளே. எனக்கு விழுந்தது. நானே வாசிக்கேன்."

வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையாக, கல் எடுத்து வைப்பது போல.

பிறகு எல்லாரும் முழங்கால் போட்டார்கள். பூதலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவரும் போட்டார். வழக்கமாகத் திரவியத்தின் ஜெபம் சபையில் தொடங்கி, சர்க்காரைச் சுற்றி, மழைக்காக மன்றாடி, வெளியூர்ச் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்துத்தான் ஆமெனுக்கு வரும். அதற்குள் ரத்தினத்துக்குக் கால் மரத்துவிடும்.

அன்று அவர் அதையெல்லாம் விட்டுவிட்டார். இவ்வளவுதான் சொன்னார்:

"ஆண்டவரே, நான் சொன்னது உமக்குக் கேட்டது. நீர் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் ஒளிந்துகொண்டேன். எனக்குப் பயமாயிருக்கிறது. பிள்ளையை விட்டுவிடுகிறேன். இந்தப் பயத்தையும் நீரே எடுத்துக்கொள்ளும். ஆமென்."

எல்லாரையும்விடப் பூதலிங்கந்தான் உரக்க ஆமென் சொன்னார்.

ரத்தினத்துக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு விக்கல் பிடித்துக்கொண்டது. விக்கலுக்கு நடுவில், "அப்பா... நிசமாவா... நாளைக்கா?" என்று கேட்டாள். பூதலிங்கம் அவள் தலையில் தட்டித் தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்தார்.

"நாளைக்குத்தான். ஜீப்பு எத்தனை மணிக்குன்னு நீதானே சொல்லணும்" என்றார் திரவியம். வாரக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. பசித்தது. காலைப் புட்டின் ஞாபகம் வந்தது. "பொன்னம்மை, தின்ன ஏதும் இருக்கா?"

"சொன்ன சொல்லை முழுங்கின வயிறு. அதுக்குள்ள பசிச்சிட்டா?" என்றாள் பொன்னம்மை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு மட்டும் இவளை விட மனசு உண்டுன்னு நினைக்காதிய. இன்னைக்கு ராத்திரி அழத்தான் போறேன். நாளைக்கு ஜீப்பைப் பாத்தும் அழுவேன். ஆனா எனக்காகக் கேட்டுட்டு, நான் எழும்பின பிறகு இல்லைன்னா, அந்தக் கட்டில்ல கிடந்து போன பிள்ளைத்தாய்ச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அந்த அக்காவை உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள் ரத்தினம்.

"நினைவு வந்தும் போயும் இருந்தது மக்ளே. முனகல் கேட்டுக்கிட்டே இருந்தது. காலையில கேக்கல."

பால் காந்தின வாசம் வந்த பிறகுதான் ரத்தினம் அடுக்களைக்கு ஓடினாள்.

பூதலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார். திரவியம் கூடவே வந்தார்.

"மன்னிச்சிரும் வே. என் வாயி உமக்குத் தெரியாததா?"

"நீரு பேசலைன்னா நான் கெட்டிருப்பேன்."

"நாளைக்கும் ஒரு அதிகாரம் உண்டா?"

"உண்டு."

"அந்தப் பார்வோன் விடுவானா, மாட்டானா? பாதியில நிறுத்திட்டியளே. எனக்கு உறக்கம் வராது."

"அவன் இன்னும் ரொம்ப நாள் இழுப்பான்" என்றார் திரவியம். "அவ்வளவு தாங்க எனக்குத் திராணியில்ல."

பூதலிங்கம் சிரித்துக்கொண்டே வலியசாலைப் பக்கம் நடந்தார்.

உள்ளே ஓமனாவின் ரோஜாப்பூப் பெட்டி நிறைந்துகொண்டிருந்தது. பொன்னம்மை கட்டிலில் இருந்தபடியே சேலைகளை மடித்துக் கொடுத்தாள். தன் கம்பளியை எடுத்து, "மலையில குளிரும்" என்று மேலே வைத்தாள். பூட்டு இல்லாததால் திரவியம் கயிறு கொண்டுவந்து, பெட்டியைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். எந்தக் காரியத்தையும் போலவே இதையும் ஒழுங்காகச் செய்தார். ரத்தினம் எதிரே உட்கார்ந்து, கயிறு சேருமிடத்தில் விரலை வைத்து அமுக்கிக் கொடுத்தாள். இன்னும் ஒரு விக்கல் மிச்சமிருந்தது. அவர் சிரித்தார்.

சிரித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல" என்றவர், மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை விலக்கினபோது பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. "இல்ல. உண்டு. மத்தியானம் ஒரு காரியம் செஞ்சுட்டேன்."

"இன்னுமா?" என்றாள் பொன்னம்மை.

"வடசேரிக்குச் சொல்லியனுப்பிட்டேன். எபநேசர் வாத்தியார் வீட்டுல இருந்து பெண்ணைப் பாக்க வாறாங்க. நாளைக்குக் காலையில, முதல் பஸ்ஸுல. சம்மதம்னும் சொல்லியாச்சு."

ரத்தினத்தின் விக்கல் நின்றது.

பொன்னம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று திரவியம் பதறி எழுந்தார். காய்ச்சலில் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம் அவளிடமிருந்து வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தை முக்குல ஜீப்பு. வாசல்ல சம்மந்தக்காரங்க. என் தலையில முடி இல்ல. வாத்தியார் பெஞ்சாதி முகத்தை நினைச்சுப் பாத்தேன்... எது முதல்ல வருமோ கர்த்தருக்குத்தான் வெளிச்சம்!"

"எது முதல்ல வந்தாலும் சரி" என்றார் திரவியம். "வாத்தியார்கிட்ட நானே நின்னு சொல்லுதேன். உங்களைக் கூப்பிட்டது என் பயம்னு சொல்லுதேன்."

"கேட்டுட்டுச் சும்மா இருக்க ஆளா அவரு?"

"இருக்கமாட்டாரு."

திரவியம் பெட்டிப் பக்கம் திரும்பினார். குனிந்து, ரத்தினம் விரல் வைத்திருந்த இடத்தில் கயிற்றை இன்னொரு முறை இழுத்து முடிச்சை இறுக்கினார்.